துண்டு கேட்ட மனிதன்

"டொக்டர் மருந்து எழுதின துண்டு இல்லாம இந்தக் குளிசைய தர ஏலாதுங்க ஐயா."

கண்டியில் ஒரு பெரிய பாமசி. பின்னால் இருபது பேர் நிற்க, அங்கே மருந்து கொடுக்கும் நிரஞ்சன் என்னிடம் இப்படிச் சொல்லி இரண்டு வருடமாகிறது. நான் மறக்கவில்லை. நாலு பேர் முன்னால் என்னைக் குறைத்துப் பேசியவனை நான் மறப்பதில்லை.

என் மனைவி வீரம்மாவுக்கு முழங்கால் வலி. முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்த கால். பக்கத்து வீட்டுப் பாலம்மா, தான் குடித்து முடித்த குளிசையின் வெற்று அட்டையைத் தந்து, இதைக் காட்டி வாங்குங்கள், மூன்றே நாளில் எழுந்து நடப்பாள் என்றாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தான். ஒருத்திக்குக் கேட்ட மருந்தின் அட்டை பத்து வீடு சுற்றும்.

அதை எடுத்துக்கொண்டு திகனயில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த நிரஞ்சன் அட்டையைப் புரட்டிப் பார்த்தான். யாருக்கு என்றான். சீனி வருத்தம் இருக்கிறதா என்றான். இருக்கிறது என்றேன்.

"அப்ப சுத்தமா தர மாட்டேன். இதக் குடிச்சா வலி போகும், ஆனா சீனி ஏறும். கால்ல ஒரு புண்ணு வந்தாலும் ஆறாது. கச்சான் கடல மாதிரி கேட்டவுடனே அள்ளிக் குடுக்குற சாமான் இல்ல இது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பனுக்கு என் வயது இருக்காது, மருந்துக்குக் காசு தருகிறேன், புத்தி சொல்ல உன்னைக் கேட்கவில்லை என்றேன். அவன் அசையவில்லை.

"படிச்சிட்டுத்தான் இங்க நிக்கிறேன் ஐயா. என்னால ஒரு உசிருக்குக் கேடு வரக் கூடாது."

பெரிய உத்தமன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

திகனயில் இறங்கினால், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன பாமசி. அங்கே நின்ற சர்மிளா என்ற நடுவயதுப் பெண் அட்டையைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

"எத்தன அட்ட வேணும் மாமா?"

இவளல்லவோ மனுசி என்று நினைத்தேன். லயத்தில் வீடு வீடாகப் போய், இனி யாரும் கண்டிப் பக்கம் போகாதீர்கள், அங்கே நிரஞ்சன் என்று ஒரு திமிர் பிடித்தவன் இருக்கிறான் என்று சொல்லி வைத்தேன்.

பாலம்மா சொன்னபடியே மூன்றாம் நாள் வீரம்மா எழுந்து நடந்தாள். கோயில் படி ஏறினாள். குளிசையை விடவே இல்லை. சில மாதங்களில் முகம் உருண்டு பளபளத்தது. தேறிவிட்டாள், சதை போட்டுவிட்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் பெருமை. அது சதையில்லை, குளிசை கொடுத்த வீக்கம் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் அவள் வலது காலில் ஒரு முள் குத்தியது. புண் ஆறவில்லை. கறுத்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர், குடிக்கிற மருந்தெல்லாம் காட்டச் சொன்னார். அட்டையைக் காட்டினேன். எத்தனை நாளாக என்றார். இரண்டு வருடம் என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

மூன்று விரல்களை எடுத்தார்கள். மிச்சமும் ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார்கள்.

கட்டிலில் கிடந்த வீரம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தத் தம்பி அன்னைக்கே சொல்லுச்சு. நீங்கதான் கேக்கல. ஒருக்காப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் சரியென்றேன். நிரஞ்சன் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அவரைப் போய் ஊரெல்லாம் தூற்றியிருக்கிறேன். காலில் விழுந்தாலும் தகும்.

அதற்கு முன் தீர்க்க வேண்டிய வேலை ஒன்று திகனயில் இருந்தது.

சின்ன பாமசிக்குப் போய் சர்மிளாவிடம், இந்தத் தொழிலுக்கு நீ எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, முன்பு புடவைக் கடையில் நின்றேன் என்றாள். பிறகு எந்தத் தைரியத்தில் மருந்து கொடுக்கிறாய் என்றேன்.

"சும்மா கடை தெறக்க ஏலுமா மாமா? மருந்துக்குப் படிச்ச ஒருத்தர் அவரோட பத்திரத்தக் குடுத்திருக்கார். அது சொவத்துல தொங்குது. செக் பண்ண வாறவங்க அதப் பாத்துட்டுப் போயிருவாங்க."

அந்தப் படித்தவனைக் கூப்பிடு என்றேன்.

"அவர் இங்க வாறதே இல்ல. வேற எடத்துல வேல. இங்க பேர் மட்டுந்தான். மொதலாளி மாசா மாசம் அவருக்கு வாடக அனுப்புவார்."

வீடு வாடகைக்கு விடுவார்கள், வேன் வாடகைக்கு விடுவார்கள். படித்த படிப்பையும் பேரையும் வாடகைக்கு விட்டு, என் பெண்சாதியின் காலைத் தின்றவன் எவன்?

"கண்டியில நிரஞ்சன்னு ஒரு மனுசர் இருக்கார். ஒங்க ஆளு அவர்கிட்டப் போயி, மருந்து எப்பிடிக் குடுக்குறதுன்னு படிச்சிட்டு வரட்டும்" என்றேன்.

சர்மிளா சுவரைப் பார்த்தாள்.

இரண்டு வருடமாகப் போய்வந்த கடை. அந்தச் சுவரை நான் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பால்மா டின்களுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்திரம் தொங்கியது. அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது.

மூலையில் ஒட்டியிருந்த படத்தில், வெள்ளைக் கோட்டோடு நிரஞ்சன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.