பேனா நிற்கவில்லை

நான்சி சொல்லி முடித்துவிட்டாள். பேனா நிற்கவில்லை.

எம்.ஏ. தத்துவத் தேர்வு, அவளுக்குத் தனி அறை. கடைசிக் கேள்விக்கு ஒரே வரிதான் சொன்னாள்: பார்வையில்லாத பெண்ணைத் தத்துவம் உதாரணமாகக் காட்டியிருக்கிறது, அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

அதை எழுத இவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று ஜன்னல் கம்பியை அதிரவைத்துவிட்டுப் போனது. அந்தச் சத்தம் அடங்கியபோதும் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் நிறுத்திட்டேன்."

"தெரியும் பாப்பா. நீ பேசாம இரு."

நீலாவதி டீச்சர் ஓய்வு பெற்றவர். முதல் பருவத்திலிருந்து, கண் தெரியாத நான்சி சொல்லச் சொல்லத் தேர்வுத் தாளில் எழுதுபவர். காசு வாங்கமாட்டார். வரும்போது வூட்டு இட்லியும் கொண்டுவருவார். கணினியில் தானே எழுதிக்கொள்வதாக நான்சி மூன்று முறை மனு போட்டாள். ஆள் வைத்துக்கொள்ளம்மா என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க டீச்சர்."

டீச்சர் படித்தார். நான்சி சொன்ன வரி. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

நான்சி தாளை இழுத்துத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவினாள்.

செராமிக் பட்டறையில் அவளுக்கு அதுதான் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை விரலால் தேடி வழிப்பது. மேஸ்திரி கண்ணுக்குத் தப்புவது அவள் விரலுக்குத் தப்பாது.

பேனா அழுத்திய தடம் கடைசி விளிம்பு வரை இருந்தது. பக்கம் முழுக்க.

"என்ன எழுதியிருக்கீங்க?"

டீச்சர் சிரித்தார். "திருத்துறவங்க மனசு எளகுற மாதிரி நாலு வார்த்தை. ஒன் கோவத்த அப்புடியே எழுதுனா மார்க் போடுவாங்களா, லூசு?"

மணி அடித்தது. 'நான் சொன்னபடியே எழுதப்பட்டது' என்ற இடத்தில் ரேகை வைக்க, டீச்சர் மைப்பெட்டியைத் திறந்தார். கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தம் வாசலில் நின்றது.

அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவளே கணினியில் தட்டி அனுப்பிய கட்டுரைகளுக்கு எப்போதும் முப்பதுக்குப் பன்னிரண்டு. தேர்வில் மட்டும், போன பருவம் நான்கு தாளிலும் அவள்தான் முதல். மாதா கோயில் வாசலில் அவள் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது.

டீச்சர் அவள் கட்டைவிரலைப் பிடித்தார்.

நான்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை.