காலி வாசல்

"வெறும் வாசலைக் காட்டுறான்யா, அஞ்சு நிமிஷமா! யாராவது வருவாங்க வருவாங்கன்னு பார்த்தா, ஒரு கோழிகூட வரலை!"

தியேட்டர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே ஒருவர் சத்தமாகச் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சும்மா இருங்க சார். வறுமைன்னா வேற எப்படி இருக்கும்? பாட்டும் சண்டையுமா இருக்குமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி சீறினாள்.

"வறுமையைக் காட்டட்டும்மா, வேணாங்கலை. நம்ம பொறுமையை எதுக்குச் சோதிக்கிறான்?"

முகப்பில் நின்ற கூட்டத்தில் பாதி அந்தக் கட்சி, பாதி இந்தக் கட்சி. மருந்துக்கடையில் பில் போடும் ஒருத்தியும் அங்கே நின்றாள்; அவள் கல்லூரிப் பெண்ணின் கட்சி.

வாடிக்கையாளர் ஒருவர் சும்மா கொடுத்த டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் குறட்டை விடுவதற்கு இதையாவது பார்க்கலாமே என்று கணவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஓர் அம்மா, ஒரு பையன், மழைக்கு ஒழுகும் ஓர் அறை. படம் அவ்வளவுதான். ஆனால் பையனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அந்த அம்மா பாத்திரத்தின் அடியைச் சுரண்டிய சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

"எப்படிங்க இருந்துச்சு?"

"வண்டியை எடுக்கணும். வா."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சாதாரணமாக வாய் ஓயாதவன். மட்டமான படம் என்றால் மூன்று நாளைக்கு வைத்துக் கிழிப்பான். இன்று உதட்டைத் தைத்துவிட்டதுபோல் இருந்தான். அந்த வாசல் காட்சி வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் போனை எடுத்தார்கள். இவன் மட்டும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து முழங்கையால் இடித்துப் பார்த்தாள். தூங்கவில்லை.

"பிடிக்கலையா?"

"அதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"அந்த வீட்டுல ஒரே பிள்ளைதானா? நம்புற மாதிரியா இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க போங்க! ஏழைன்னா வீடு நிறையப் பிள்ளை இருக்கணும்னு சட்டமா? நமக்கும் ஒண்ணுதானே?"

அவன் சிரிக்கவில்லை.

வாசலருகே படத்தின் டைரக்டர் நின்றிருந்தார். ஒடிசலான உருவம், கசங்கிய சட்டை. திட்டுகிறவர்களுக்கும் பாராட்டுகிறவர்களுக்கும் ஒரே மாதிரி கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க, ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்," என்று கணவனின் கையைப் பிடித்தாள். வெடுக்கென்று உதறினான்.

"நீ வேணா போ. நான் வரலை."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் கையை உதறியதே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. 'ஒரு படம் பிடிக்காததுக்கு இவ்வளவு வீம்பா?' என்று நினைத்துக்கொண்டு, அவளே போனாள்.

"மனசைப் பிசைஞ்சிடுச்சு தம்பி. எங்க வீட்டுக்காரர்தான் ஒரு குறை சொன்னார். அந்த வீட்டுல ஒரே பிள்ளைதானான்னு கேக்கிறார்."

டைரக்டரின் கூப்பிய கை இறங்கியது.

"இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லைக்கா." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது எங்க வீட்டுக் கதை. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். வேலை தேடிட்டு வர்றேன்னு போனவன்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவன் வேஷத்துக்கு எத்தனையோ பையன்களைக் கூட்டிட்டு வந்து அம்மாகிட்ட காட்டினேன். ஒவ்வொருத்தனையும் உத்து உத்துப் பார்ப்பாங்க. 'நம்ம பெரியவன் ஜாடை இல்லைடா'ன்னு அனுப்பிடுவாங்க. கடைசியில அந்த வேஷமே வேண்டாம்னு விட்டுட்டேன். அவனுக்குப் பதிலாத்தான் அந்த வாசல். அம்மா தினமும் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த வாசல். அறுவையா இருக்கு, வெட்டு வெட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் கை வரலை."

பேசப் பேச, அவரை வெகுகாலமாகத் தெரியும்போல இருந்தது அவளுக்கு.

"அம்மா படத்தைப் பார்த்தாங்களா தம்பி?"

"இல்லைக்கா. முடியறதுக்குள்ள போயிட்டாங்க."

அவர் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு வந்துவிட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கணவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைப் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகும் அதன் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தவளுக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க, இன்னொரு பிள்ளை இருந்திருக்கான்! எப்படிங்க கரெக்டா பிடிச்சீங்க? பெத்தவளை வாசலைப் பார்த்து உக்கார வச்சுட்டு, எங்கேயோ போய் நல்லாத் தின்னுட்டுத் தூங்கியிருக்கான் பாருங்க. அவனெல்லாம் ஒரு பிள்ளையா? பாவம் அந்தம்மா, இந்தப் படத்தைக்கூடப் பார்க்காம போய்ச் சேர்ந்துட்டாங்களாம்."

சாவியைத் திருகப் போன அவன் கை அப்படியே நின்றது.

பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இன்னொருவர் அடித்தார்.

"என்னங்க, வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறோம். எடுங்க வண்டியை."

பெற்றவர்கள் யாரென்றே தெரியாது, அநாதை விடுதியில் வளர்ந்தவன் என்று சொல்லி அவளைக் கல்யாணம் செய்துகொண்டவன், திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"எங்கம்மா என்னைக்குப் போனாங்கன்னு கேட்டியா?"