முப்பத்தோராவது முகம்

"ஆபீஸ்ல இருக்கறது முப்பது பேர். மெமரியில முப்பத்தோரு முகம். யாரும்மா அந்த ஒண்ணு?"

மேனேஜர் மேசையைத் தட்டிய தட்டில் டீ கப் துள்ளியது.

எதிரே கருமி நின்றாள். ஒரு பைட் மெமரி கூடுதலாகக் கேட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்பாள் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. முகம் பார்த்துத் திறக்கும் கதவுப் பூட்டு செய்கிற கம்பெனி. முதல் பூட்டைத் தங்கள் வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். அதன் கேமராவை இயக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவள் அவள்தான்.

"செக்யூர் மெமரி இருக்கறதே கைப்பிடி அளவு. அதுல ஒரு முகம் வைக்கற இடத்தை, ஒரு பஃபரை, யாருக்குத் தூக்கிக் கொடுத்தே? மாமனுக்கா, மச்சானுக்கா?"

"ஒருத்தருக்குத் தேவைப்பட்டுது சார்."

"கதவோட வருகைப் பதிவைப் பார்த்தேன் சார்!" என்று ஆஜரானான் டெஸ்டர். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவனுக்குச் சம்பளமே வேண்டாம். "தினமும் காலைல கதவு முதல்ல திறக்கறதே அந்த முகத்துக்குத்தான்."

"என்னது? நாள் தவறாம முதல் ஆளா வர்றது நான். எனக்கும் முன்னாடி ஒருத்தன் நுழையறானா?"

"மூணு வாரமா சமையலறையில க்ரீம் பிஸ்கட் காணாமப் போகுதே சார்..."

"அவன்தான்! அவனேதான் தின்னிருக்கான்!" என்றார் மேனேஜர், கொஞ்சம் அவசரமாகவே. "இந்தாம்மா, அந்த முகத்தை எடுத்துப் பெரிய டிவியில போடு."

"முடியாது சார். செக்யூர் பஃபர்ல போட்டா போட்டதுதான். போட்ட நானே பார்க்க முடியாது."

"அதனாலென்ன?" டெஸ்டர் விடவில்லை. "நாளைக்குக் காலைல மட்டும் கேமரா படத்தைப் பொது பஃபருக்குத் திருப்பிடலாம் சார். அது சந்தைக்கடை மாதிரி, யார் வேணும்னாலும் பார்க்கலாம். அவன் வாசல்ல வந்து நிக்கறது அப்படியே டிவியில ஓடும்."

"பலே! எல்லாரும் விடியறதுக்குள்ள வந்துடுங்க. கும்பலா உட்கார்ந்து பார்ப்போம். திருடனும் சிக்குவான், இவ சீட்டும் கிழியும்."

கருமி ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. போய்விடும் போலிருந்தது.

"சார், உங்க ரூம்ல ஒரு நிமிஷம்..."

"எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லு!"

"எல்லார் முன்னாடியும் தெரியக் கூடாதுன்னுதானே சார் செக்யூர்ல வச்சேன்?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்து மேனேஜர் முணுமுணுத்தபடி எழுந்தார். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

"மூணு வாரம் முன்னாடி, பூட்டைச் சோதிக்க ரொம்பச் சீக்கிரமா வந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன் சார். கண்ணாடிக் கதவுக்கு வெளியில நல்ல மழை. ஒருத்தர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு கேமரா முன்னாடி நின்னார். பூட்டு 'யாரோ தெரியாதவர்'னு சொல்லிடுச்சு."

"ம்..."

"பாவம் சார். தெருவுல நனைஞ்சுக்கிட்டே பையிலேருந்து முடியை எடுத்துத் தலையில மாட்டினார். அப்புறம்தான் பூட்டு திறந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை. மொட்டைத் தலையா நின்ன அந்த முகத்தையும் முப்பத்தோராவதா பதிவு பண்ணிட்டேன்."

மேனேஜரின் கை தானாக மேலே போய், நெற்றிக்கு மேல் முடியை லேசாக அழுத்திச் சரி செய்தது.

"தினமும் கதவு சட்டுனு திறக்குதேன்னு சந்தோஷமா இருந்தேன்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு தயங்கி, "அந்த பிஸ்கட்..."

"சமையலறையில கேமரா கிடையாது சார்."

வெளியே டெஸ்டர் கீபோர்டில் விரல் வைத்துக் காத்திருந்தான். "பொது பஃபருக்கு மாத்திடட்டுமா சார்?"

"கையை எடுடா!" மேனேஜர் அலறினார். "அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி. ஒரு மனுஷன் முகத்தைச் சந்தையில வைப்பாங்களா? புத்தி இருக்கா உனக்கு?"

டெஸ்டர் விழித்தான். மேனேஜர் கருமியின் பக்கம் குனிந்தார்.

"இன்னும் ஒரு பஃபர் சேர்த்துப் போடும்மா. பல்செட்டை வீட்டுல மறந்துட்டு வர்ற நாளும் உண்டு."