மகாராணிக்குக் குடை

பதினொன்று பத்துக்கு வெயில் மதிலைத் தாண்டி உள்ளே இறங்கியது.

இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. மதிலோரத்து மூலையில் வெயில் விழுந்து நான் பார்த்ததில்லை.

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் என் கையில். மற்ற இரண்டும் என் மனைவியின் கையில். நடுவில், கீழே, செடி.

இடுப்பு உயரம். காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் புதராக வளர்வது. அதற்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. நான் வைத்த பெயர் மகாராணி.

குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். கடை உரம் ஆகாது. தெரு மரத்தின் சருகை இரண்டு வருஷம் மக்க வைத்துப் போட வேண்டும். வெயில் ஆகவே ஆகாது.

"குடை பிடிக்க ஒரு ஆள் போட்டுடேன்" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

மூன்று கன்றுகள் கொண்டுவந்தாள். ஒன்றை நத்தை தின்றது. ஒன்றை அந்த மரத்து நிழலுக்கு இரண்டடி வெளியே வைத்துவிட்டாள். நான்கே நாளில் கருகியது.

மிஞ்சியது இது. ஏழு வருஷமாக இலை மட்டும் விட்டது. இந்த வாரம் பதினொரு மொட்டு.

இன்று விரியும் என்று தபால் ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தாள். என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டேன். வீட்டில் விசேஷம் என்றாளாம்.

ஏழரைக்கு மதிலுக்கு வெளியே ரம்பம் ஓடத் தொடங்கியது. மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்கிறார்கள் என்று நினைத்தோம். வருஷா வருஷம் நடப்பதுதான்.

ஒன்பது மணிக்குச் சமையலறை ஜன்னலில் வானம் தெரிந்தது.

நான் ஓடினேன். மேஸ்திரி நல்ல மனிதர். ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுதாகக் கேட்டார். ஒரு செடிக்காகவா என்று சிரிக்கவில்லை.

"கிளையெல்லாம் இறங்கியாச்சு சார். இனி நிறுத்தினா மட்டும் நிழலா வரப்போகுது? என்னமோ பழைய மனுவாம். இப்பதான் அதுக்கு முறை வந்திருக்கு."

எவ்வளவு பழசு என்று நான் கேட்கவில்லை.

அந்த மரத்தால் எங்களுக்கும் ஒரு காலத்தில் தொல்லைதான். சருகு விழுந்து மாடிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒரு மழைக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவளுடைய தையல் மிஷின் போயிற்று. என் புத்தகப் பெட்டி போயிற்று. கன்றுகள் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

கை கடுத்தது.

வீட்டின் நிழல் இந்த மூலைக்கு வர மூன்று மணி ஆகும். நாளைக்கு மறுபடியும் பதினொன்று பத்து வரும். மொட்டோடு தோண்டினால் பிழைக்காது. தோண்டினாலும் கொண்டுபோய் வைக்க வேறு நிழல் இல்லை.

இதையெல்லாம் அவளும் யோசித்திருப்பாள். விரிப்புக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"எந்த மகராசன் எழுதிக் குடுத்தானோ. அவன் கை விளங்குமா?"

நான் விரிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"எதிர்வீட்டுக்காரராத்தான் இருக்கும். நேத்து என்னைப் பார்த்துச் சிரிச்சார். அவர் சிரிச்சு யார் பார்த்திருக்கா? நீங்க போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"கையை விட முடியாதே" என்றேன்.

அது உண்மைதான்.

வெயில் நகர்ந்தது. நாங்களும் அரை அடி நகர்ந்தோம். காற்று வந்தபோது விரிப்பு உப்பியது. அவள் பக்கம் விலகி, ஒரு கிளைமேல் வெளிச்சம் பட்டது. அவள் ஏதோ சூடு பட்டவள் போல் பதறி முனையை இழுத்தாள்.

ரம்பச் சத்தம் நின்றது. தெருவில் கனமாக ஏதோ விழுந்தது. தரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

கீழே ஒரு மொட்டின் நுனி பிளந்திருந்தது. உள்ளே வெள்ளை. இருவரும் குனிந்து பார்த்தோம்.

கேட் திறக்கும் சத்தம்.

மேஸ்திரி வந்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள். அட்டையில் செருகிய காகிதம் ஒன்றும் பேனாவும் கையில் இருந்தன. விரிப்பையும் எங்களையும் பார்த்துத் தயங்கினார். செடியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதினேழாம் நம்பர் இதுதானே சார்? வேலை முடிஞ்சுதுன்னு மனு குடுத்தவங்க ஒரு கையெழுத்து போடணும். பேர் அழிஞ்சிருக்கு, வீட்டு நம்பர்தான் தெரியுது. குடுத்தது நீங்களா, அம்மாவா?"