வீட்டைப் பார்த்த செருப்பு

மல்ரே கிழவி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்ததும் கியூசிக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு செத்துப்போனது.

என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு! தன்னைக் கிழிகிழியென்று கிழித்திருக்கும் புத்தகத்தின் வெளியீட்டுக்கு யாராவது இப்படி இஸ்திரி போட்ட உடுப்பும் கையில் அதே புத்தகமுமாய் வருவார்களா?

தேபேக் நகர நூலகக் கூடம் அன்று நிரம்பியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் கியூசிக் வாராவாரம் எழுதிவந்த சின்ன வயசுக் கூத்துகள் புத்தகமாகியிருந்தன. நிலக்கரிக் கம்பெனியின் வரிசை வீடுகளில் அவனோடு வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற சுரங்கத்து ஆட்கள் கரி அடைத்த நெஞ்சோடு இருமிக்கொண்டே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

முதலில் கழிப்பறைக் கதையைப் படித்தான். ஊரே மெச்சிய கதை அது.

வரிசை முழுக்கவும் ஒரே கழிப்பறை. அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும், அவர் வாசலில் விட்டுப்போன ரப்பர் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி ஓடுவான் பொடியன் கியூசிக். அப்பா செருப்பைத் தொட்டால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அதனால் அவள் குழாயடியிலிருந்து தண்ணீரோடு வருவதற்குள் திரும்பி, வாசல் பலகையில் உட்கார்ந்து காலை உதறி, தெருவைப் பார்த்து விழுந்த செருப்பை மறக்காமல் பழையபடி வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வான்.

"அம்மாகிட்ட ஒரு நாள்கூட மாட்டினதில்ல" என்று முடித்தபோது கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது. மல்ரே மட்டும் சிரிக்கவில்லை.

சிரிக்காவிட்டால் போயேன். வேண்டுமென்றே அடுத்ததாகச் செருப்புக் கதையை எடுத்தான்.

சுரங்கத்துக்குள் இறங்கியவனின் செருப்பு வீட்டைப் பார்த்தே இருக்கவேண்டும். தெருவைப் பார்த்துவிட்டால் போனவன் வீடு திரும்ப மாட்டான். அந்த ஊரில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும். மீன்பிடிக்கிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எதிர்வீட்டு மல்ரேவுக்குத் தெரியவில்லையாம். விருந்தாளி கிளம்பும்போது மாட்ட வசதியாக அவர் செருப்பைத் திருப்பி வைக்கிற மாதிரி, ஒருநாள் காலையில் அப்பாவின் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.

அம்மா பார்த்தாள். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தூங்கிக்கிடந்த கியூசிக்கை எழுப்பப் போனாள். அதற்குள், சோயாப் பாலில் செய்த தோஃபூவை விற்கக் கிளம்பிய மல்ரே தலையில் கூடையோடு குறுக்கே வந்து விழுந்தாள். "நான்தான் அக்கா, தெரியாம திருப்பிட்டேன்" என்றாள். வந்ததே கோபம் அம்மாவுக்கு! வரிசை முழுக்கத் துரத்தித் துரத்தி மொத்தினாள். கூடை கவிழ்ந்து கிழவிக்கு, அப்போது இளம்பெண்ணுக்கு, மூக்கு வாயெல்லாம் தோஃபூ.

இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. பழைய ஆட்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் சுரங்கம் சரிந்தது அவர்களுக்குத் தெரியும். கியூசிக்கின் அப்பா திரும்பவில்லை. சிரிப்புப் புத்தகத்தில் அதற்கு ஏது இடம்? கதை துடைப்பத்தோடு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அந்த வரிசையில் யாரும் மல்ரேவிடம் தோஃபூ வாங்கவில்லை. குழாயடியில் அவள் வந்து நின்றால் மற்ற பெண்கள் விலகிப்போனார்கள். "என் புருஷனை அனுப்பி வெச்சவ" என்று சொல்லிச் சொல்லியே, போன குளிர்காலத்தில் கண்ணை மூடுகிறவரை அம்மா அவள் முகத்தில் விழிக்கவில்லை. கியூசிக்கும் அந்தக் கோபத்தில் வளர்ந்தவன்தான். கிழவியைக் கைநீட்டி அடிக்க முடியுமா? ஊரே சிரிக்கும்படி எழுதித் தீர்த்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் கிழவி மெல்ல நடந்து மேஜைக்கு வந்தாள். புத்தகத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அந்தக் கதையை எடுக்கச் சொல்லி வந்தீங்கன்னா, முடியாது."

"செருப்புக் கதையா? அது இருக்கட்டும்ப்பா. மூக்குல தோஃபூ ஏறினது நிஜம்தானே."

"அப்புறம் என்ன?"

கிழவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்தக் கழிப்பறைக் கதையை எடுத்துடு."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. அதில் அவள் பேர்கூட வரவில்லையே, அது இவளை என்ன செய்தது என்று கேட்டான்.

"என்னை ஒண்ணும் செய்யலப்பா. நானும் அந்தக் கழிப்பறை வரிசையில நின்னவதான். அப்பா செருப்போட நீ ஓடுறதைத் தினமும் பார்த்திருக்கேன். அன்னிக்கும் பார்த்தேன்."

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா நின்றது.

"சின்னப் பையன் அடி தாங்க மாட்டானேன்னுதான் அன்னிக்கு நடுவுல வந்தேன். மத்தியானம் அப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்றாள் கிழவி. "பழசை மறக்காதவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்காங்க. ரெண்டு கதையையும் சேர்த்துப் படிச்சா, செருப்பைத் திருப்பி வைக்க மறந்தது யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அந்தப் பேச்சு எனக்குப் பழகிடுச்சு. உனக்குத் தாங்காதுப்பா."