பாண்டியில் எடுத்த சேலை

விழுப்புரம் ஸ்டேஷன் குழாயடியில் சூசையம்மா முந்தானையைப் பிழிகிறாள். சாய்வெயிலில் சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்பாய் ஓடுகிறது தண்ணீர். மகள் கல்யாணத்துக்கென்று, பிரெஞ்சுக்காரன் ஆளும் பாண்டியில் காலையில்தான் எடுத்த சேலை. சுங்கத்தில் வரி கேட்பார்களே என்று, எல்லாரும் செய்கிற மாதிரி அங்கேயே கசக்கிக் கட்டிக்கொண்டு, "பழசுதாங்க" என்று சொல்லி எல்லையைத் தாண்டி வந்திருக்கிறாள். ரயில் புழுக்கத்தில் வேர்வை பட்ட இடமெல்லாம் வெளுத்து, சாயம் அவள் கழுத்திலும் கையிலும் ஏறிக் கிடக்கிறது. "கட்டிக்கினு வந்தத எந்தக் கடைக்காரன் திருப்பி வாங்குவான்?" என்கிறான் புருஷன் சவரிமுத்து. அவள் கேட்கவில்லை. ஈர முந்தானையோடு, பிளாட்பாரத்தில் நிற்கும் போலீஸ்காரர் ஒருவர் முன்னால் போய் நிற்கிறாள். "பாண்டிக் கடையில ஏமாத்திட்டாங்கய்யா."

"அது வேற தேசம்மா, நம்ம சட்டம் அங்க செல்லாது." அவர் சேலையை மேலும் கீழும் பார்க்கிறார். "ஆமா, இது புதுசா, பழசா?" சவரிமுத்து அவள் முழங்கையைக் கிள்ளுகிறான். பாண்டி வண்டிக்கு ஓடுகிற பெண்களில் ஒருத்தி சற்றே நின்று, "இன்னா செவப்புக்கா! அங்க எடுத்ததா?" என்று கண்ணை விரிக்கிறாள். போலீஸ்காரர் இன்னும் காத்திருக்கிறார்.

"பழசுதாங்க" என்கிறாள் சூசையம்மா.