செல்வமாரியின் கையில் மட்டை

கோவில்பட்டி ஃப்ளெக்ஸ் கடையின் தரையில், இந்திய ரக்பி அணியின் நீலச் சட்டை போட்ட செல்வமாரி விரிந்து கிடக்கிறாள். நாட்டுக்காக ஆடிய ஆறு வருடத்தில் மிஞ்சிய ஒரே நல்ல படம். பழைய அடியில் சுருங்கிப்போன காதைத் தடவியபடி அவள் அதன் பக்கத்தில் நிற்கிறாள். படத்தில் பந்தை அணைத்திருந்த கையில் இப்போது ஹாக்கி மட்டை இருக்கிறது. மை வாடை இன்னும் போகவில்லை.

“பந்து எங்கலே?”

“நசுங்கிக் கெடந்துச்சுக்கா. அதை எடுத்துட்டு மட்டையைக் குடுத்துட்டேன்,” என்கிறான் கடைக்கார விஜயராஜ். “நம்ம ஹாக்கி ஊர்ல மட்டையில்லாம இந்தியாவுக்கு ஆடுனேன்னு சொன்னா எவன் நம்புதான்?”

“அந்தப் பந்தே அப்படித்தாம்லே இருக்கும், முட்டை மாதிரி.”

“மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா?”

பன்னிரண்டு மணிக்கு நாகலாபுரம் பள்ளியில் விழா. பெண்பிள்ளைகளுக்கு ஒரு ரக்பி அணி கேட்கத்தான் அவள் போகிறாள். மறுபடி அச்சடிக்கக் கரண்ட் இல்லை. மேசையிலிருந்த கத்தியை எடுத்துக் குந்துகிறாள். மட்டையை மட்டும் ஓரம் பிசகாமல் அறுத்து எறிகிறாள். பிறகு ஃப்ளெக்ஸை வாசல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். அதன் நிழலுக்கு நடுவே, ஓட்டை வழியாக வெளிச்சம் தரையில் விழுகிறது, வளைந்த நுனியோடு, மட்டையாகவே.